மூச்சு முட்டும் மடிக்கணினி



இம்முறை ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகன் ஐந்தாம் படிவம் படிக்கிறான். விமானியாக வேண்டும் என்பது அவன் ஆசை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தத் தாய் கூட்டுப் பணத்தை எடுத்து, 1,900 வெள்ளிக்குப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். பள்ளிப் பாடம் முடிந்ததும், பிளைட் சிமுலேட்டர் எனப்படும் விமானப் பாவனைச் செயலியில் பையன் விமானம் ஓட்டிப் பழகுவான். சில மாதங்களாகத் தொல்லை. விமானம் நன்றாகத்தான் மேலே எழும்புகிறது. கால் மணி நேரம் கழித்துப் படம் விட்டு விட்டு நகர்கிறது. உள்ளே விசிறி இரைகிறது. இரண்டு முறை நடுவானில் மடிக்கணினி தானாக அணைந்தே போயிற்று.

"விளையாடி விளையாடிக் கெடுத்துவிட்டான்" என்று தகப்பனார் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பட்டணத்துக் கடைக்காரர், தாய்ப்பலகை போய்விட்டது, 800 வெள்ளி ஆகும் என்கிறார். பையனோ, "நான் ஒன்றும் செய்யவில்லை அம்மா" என்று அழுகிறான். தகப்பனும் மகனும் பேசிப் பத்து நாளாயிற்றாம். "நான் யாரை நம்புவது? 800 வெள்ளி கொடுக்கலாமா, விற்றுவிடலாமா?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

சகோதரி, அந்த 800 வெள்ளியை இப்போது எடுக்காதீர்கள். விற்கவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் யாவும் சூட்டைத்தான் காட்டுகின்றன. நேரில் பாராமல் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் காசு செலவில்லாமல் நீங்களே சோதித்துப் பார்க்க வழியிருக்கிறது. அதைச் சொல்லுமுன், உள்ளே நடப்பது என்ன என்று பார்த்துவிடுவோம்.

உங்கள் கணவர் மோட்டார் சைக்கிளைத் தாமே பிரித்துப் பூட்டுகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இது எளிதில் விளங்கும். காற்றால் குளிரும் மோட்டார் இயந்திரத்தைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருக்கும் அல்லவா? காற்று அவற்றின் இடையே ஓடிச் சூட்டை எடுத்துப் போகிறது. அந்த இடுக்குகளில் சேறு அப்பிக்கொண்டால் இயந்திரம் கொதிக்கும். மடிக்கணினிக்குள்ளும் அப்படியேதான். கணக்குப் போடும் சில்லு ஒன்று, படம் வரையும் சில்லு ஒன்று. இரண்டின் சூட்டையும் செம்புக் குழாய்கள் ஏந்திச் சென்று, மெல்லிய தகடுகளில் சேர்க்கின்றன. சிறு விசிறி, பெரும்பாலும் அடிப்பக்கத் துளைகள் வழியே காற்றை இழுத்து, அந்தத் தகடுகளின் ஊடே வெளியே தள்ளுகிறது.

கடிதம் எழுதும்போதோ பாடம் படிக்கும்போதோ இந்தச் சில்லுகளுக்கு அதிக வேலையில்லை. விமானப் பாவனை அப்படிப்பட்டதல்ல. காற்று, இறக்கை, இயந்திரம் இவற்றின் கணக்கை ஒரு சில்லு ஓயாமல் போட வேண்டும். மேகம், மலை, கட்டடம் இவற்றை மற்றொன்று வினாடிக்குப் பல முறை வரைய வேண்டும். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரை ஓட்டினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இரண்டும் மூச்சு விடாமல் உழைக்கின்றன.

சூடு ஏறினால் என்ன ஆகும்? இன்டெல் சில்லுகள் பலவற்றுக்கு 100 பாகை செல்சியஸ் எல்லை. ஏஎம்டி சில்லுகள் பலவற்றுக்கு 95 பாகை. எல்லையைத் தொட்டதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் தடுக்குவது அதனால்தான். அப்போதும் சூடு அடங்காவிட்டால், கருகிப் போகாமல் இருக்க மடிக்கணினி தானே அணைந்துவிடும். உச்சி வெயிலில் குலை வெட்டுகிறவரின் கை தளர்வது சோம்பலாலா? உடம்பு தன்னைக் காத்துக்கொள்கிறது. மடிக்கணினி மெதுவாவதும் அதுபோலத்தான். அது கெட்டுவிட்டது என்பதற்கு மெதுவாவது மட்டும் சான்றாகாது.

இனி சோதனை. அலமாரியைத் திறந்து மடிக்கணினியை எடுங்கள். முதலில் அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா, விரல் தடவும் பட்டை மேலெழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் மின்கலம் வீங்கிவிட்டது என்று பொருள். உடனே நிறுத்தி, மின்சாரம் ஏற்றாமல், அழுத்தாமல், குத்தாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். தீப்பிடிக்கக் கூடியது அது.

வீக்கம் இல்லையென்றால் மேலே செல்லலாம். தம்பி வழக்கமாக எங்கே வைத்து ஓட்டுகிறான்? மெத்தையிலா, தலையணை மேலா? அப்படியானால் பாதி விடை கிடைத்துவிட்டது. பஞ்சு அடித்துளைகளை அடைத்துவிடுகிறது. கெட்டியான மேசையில் வையுங்கள். பின்பக்கக் கால்களின் கீழ் இரண்டு பாட்டில் மூடிகளை வைத்துச் சற்றே உயர்த்துங்கள். பக்கத்தில் மேசை விசிறியைச் சுழல விடுங்கள். மின்சாரம் ஏற்றும் கருவி அந்த மடிக்கணினிக்கு உரியதுதானா என்றும் பாருங்கள். சக்தி குறைந்த வேறு கருவியைச் செருகினாலும் ஓட்டம் மந்தமாகும். இப்போது தம்பி வழக்கமாக ஓட்டும் அதே விமானத்தை, அதே வழியில் ஓட்டட்டும். கடிகாரத்தைப் பார்த்து எழுதி வையுங்கள்.

முன்பு 15 நிமிடத்தில் தடுக்கியது இப்போது 40 நிமிடம் தாங்கினால், நோய் சூடுதான். முதல் நிமிடத்திலிருந்தே மந்தமாக இருந்தால் காரணம் வேறு; நினைவகம் போதவில்லை, அல்லது அந்தச் செயலி இந்த மடிக்கணினிக்குப் பெரிது. பெரிய விமான நிலையத்தின் அருகே மட்டும் தடுக்கினால், அங்கே வரைய வேண்டியது அதிகம் என்று பொருள். தரை மட்டும் மங்கலாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் இணையத் தொடர்பின் குறை. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் புதிய பாவனைச் செயலிகள் நிலக்காட்சியை இணையத்திலிருந்தே இழுப்பவை. தோட்டத்தில் அலைவரிசை இளைத்தால் மலையும் இளைத்துத்தான் தெரியும்!

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அக்காள் மகனின் மடிக்கணினி இப்படியே தடுக்கியபோது, "கண்டதையெல்லாம் இறக்கி வைரஸ் ஏற்றிவிட்டாய்" என்று நான்தான் திட்டினேன். ஒரு கடையில் 150 வெள்ளி கொடுத்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். அவன் பள்ளிக் கட்டுரைகள் அதோடு போயின. ஒரு வாரத்தில் பழைய தொல்லை திரும்பியது. பின்னர் ஒருவர் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். விசிறிக்கும் தகட்டுக்கும் இடையே கம்பளி போலத் தூசி. அந்த மடிக்கணினி இருந்த இடம் எங்கள் சாமி மேடைக்கும் அடுப்படிக்கும் நடுவே! சாம்பிராணிப் புகையும் தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்தால் தூசி பிசினாக ஒட்டிக்கொள்கிறது. பையனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. போன கட்டுரைகள் போனவைதாம்.

ஆகவே தூசியை எடுக்க வேண்டும். முழுவதும் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, ஆறவிட்ட பிறகு, காற்று வெளிவரும் துளைகளில் அழுத்தக் காற்றுப் புட்டியால் விட்டு விட்டு ஊதுங்கள். ஊதும்போது விசிறி தாறுமாறாகச் சுழலாதபடி, பல்குத்தும் குச்சியால் மெதுவாகத் தடுத்துப் பிடியுங்கள். வீட்டுத் தூசி உறிஞ்சியை உள்ளே நுழைக்காதீர்கள். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்கக் கூடும். சிலர் ஐஸ் கட்டியும் ஈரத்துணியும் வைக்கிறார்கள். கூடவே கூடாது. உள்ளே நீர் கோத்துக்கொண்டால் அப்போது உண்மையிலேயே தாய்ப்பலகை போய்விடும்.

மூடியைக் கழற்றத் தெரியாதவர்கள் கடைக்கே கொடுக்கலாம். அங்கே இரண்டே வேலையைக் கேளுங்கள்: உள்ளே தூசி எடுப்பது, சில்லுக்கும் செம்புக்கும் இடையே உள்ள வெப்பப் பசையைப் புதிதாகப் பூசுவது. இந்தப் பசை பல ஆண்டில் காய்ந்து, சூட்டைக் கடத்தாமல் போய்விடும். வேலைக்கு முன்பே விலையைக் கேளுங்கள். அதற்குப் பிறகும் அணைந்தால் மட்டும் தாய்ப்பலகையைப் பற்றிப் பேசலாம். அப்போதும் இன்னொரு கடையில் கருத்துக் கேட்பது நல்லது.

தம்பி, இனி உனக்கு. செயலியின் அமைப்பில் வினாடிக்கு 30 படம் என்று வரம்பு வை. பயணிகள் விமானம் ஓட்ட அது போதும். வரம்பு இல்லாவிட்டால் சில்லு தன்னால் முடிந்த மட்டும் வரைந்து தள்ளிச் சூடேறும். மேகம், நிழல், தொலைக்காட்சித் தெளிவு, மற்ற விமானங்களின் நடமாட்டம் இவற்றை ஒவ்வொரு படி இறக்கு. விமானத்தை இடைநிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதே. நிறுத்தினாலும் படம் வரையும் வேலை நிற்பதில்லை. செயலியை விட்டே வெளியேறு. விண்டோசில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் சென்றால், மேல்நிலை அமைப்பில் சில்லின் உச்ச அளவு 100 விழுக்காடு என்றிருக்கும். அதை 99 ஆக்கினால் இன்டெல் சில்லுகள் பலவற்றில் அவசர வேகம் நின்று, சூடு நன்றாகக் குறையும். உன் மடிக்கணினியில் அந்த வரி தென்படாவிட்டால் விட்டுவிடு.

எதை ஓட்டுகிறாய் என்பதையும் பார். 2020ல் வந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டருக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகமும் 150 ஜிபி இடமும் வேண்டும். 2024ல் வந்ததற்குக் குறைந்த அளவே 16 ஜிபி நினைவகம். பழைய மடிக்கணினியின் தலையில் இதை ஏற்றுவது, சிறு லோரியில் இரண்டு லோரிக் குலையை ஏற்றுவது போல. பிளைட்கியர் என்ற செயலி இலவசம். அதன் காட்சியைக் குறைத்து வைத்தும் பழகலாம். பகலில் தகரக் கூரையின் கீழ் அறையே கொதிக்கும். அறைச் சூட்டுக்குக் கீழே எந்த விசிறியும் சில்லைக் குளிர்விக்காது. ஆகவே மாலை தாண்டி, பாடம் முடித்துவிட்டு ஓட்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் இப்படி ஓட்டும் மணிகள் விமானி உரிமத்துக்குக் கணக்கில் சேரா. கருவிகளைப் படிக்கவும் ஒழுங்கு முறையைப் பழகவும் அவை உதவும். கணக்கும் இயற்பியலும் ஆங்கிலமும்தாம் உன்னை வாசல் வரை கொண்டு சேர்க்கும்.

சகோதரி, உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். பையன் சொன்னது பெரும்பாலும் உண்மை. அவன் வேண்டுமென்று எதையும் கெடுக்கவில்லை. மெத்தையில் வைத்தது தவறு. அது தெரியாமல் செய்த தவறு. திருகாணி கழற்றத் தெரிந்த தகப்பனாரே மூடியைக் கழற்றட்டும். மகன் விளக்குப் பிடிக்கட்டும். விமானி பறக்குமுன் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இயந்திரத்தின் காற்று வாயில் ஏதேனும் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தை உங்கள் மகன் தன் வீட்டு மேசையிலேயே தொடங்கலாம்.

அந்த 800 வெள்ளியைத் தேர்வு முடியும் வரை பத்திரமாக வையுங்கள். மேற்படிப்பு விண்ணப்பங்களுக்குத் தேவைப்படும். மடிக்கணினி எத்தனை நிமிடம் தாங்கியது என்று மறவாமல் எழுதுங்கள்.