கிழவி ஆனாலும் குற்றம், கத்தி வைத்தாலும் குற்றம்! நடிகைகளின் முகத்துக்கு ஊர் போடும் தீர்ப்பு

சென்னை:

நடிகைக்கு வயசாகலாமா, ஆகக்கூடாதா?

ஆகலாம் என்றால், ஒரு சுருக்கம் விழுந்ததும் "ஐயோ, கிழவியாயிட்டாளே!" என்று ஏன் பேச வேண்டும்? ஆகக்கூடாது என்றால், ஊசி போட்டுச் சுருக்கத்தை எடுத்ததும் "மூஞ்சியை இழுத்துத் தச்சிருக்கா பாரு!" என்று ஏன் சிரிக்க வேண்டும்?

இரண்டையும் பேசுவது ஒரே வாய்தான். மின்சார ரெயிலில் பேசுகிறது. டீக்கடையில் பேசுகிறது. ஆபீஸ் கேன்டீனில் பேசுகிறது. இப்போது செல்போனில் எழுதவும் செய்கிறது. சம்பந்தப்பட்டவரே படிக்கும்படி எழுதுகிறது.

இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சு அல்ல. அழகுக்காக ஆபரேஷன் மேஜையில் படுத்து, வீடு திரும்பாமல் போனவர்கள் உண்டு. அவர்களில் 21 வயதுப் பெண்ணும் ஒருவர்.

துபாய் ஓட்டலில் நடந்தது

2018-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந்தேதி இரவு. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் சென்ற நடிகை ஸ்ரீதேவி (வயது 54) துபாய் ஓட்டல் அறையில் இறந்தார்.

முதலில் மாரடைப்பு என்றார்கள். 2 நாள் கழித்து, மயக்கம் ஏற்பட்டு குளியல் தொட்டித் தண்ணீரில் மூழ்கி இறந்தார், இது விபத்து என்று துபாய் அதிகாரிகள் அறிவித்தார்கள். 27-ந்தேதி விசாரணையை முடித்தார்கள். அன்று இரவே உடல் மும்பைக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் இங்கே ஊர் விசாரணை முடியவில்லை.

"இளமையா இருக்க என்னென்னவோ மருந்து சாப்பிட்டாங்களாம்", "உதட்டுல ஊசி போட்டாங்களாம்", "இத்தனை ஆபரேஷனாம்" என்று ஆளுக்கு ஒரு கணக்கு சொன்னார்கள். டெலிவிஷனில் குளியல் தொட்டியைப் படம் போட்டுக் காட்டினார்கள். ஒரு நிருபர் தானே தொட்டிக்குள் இறங்கிக் காட்டினார்!

அழகு ஆபரேஷன் செய்துகொண்டதாக ஸ்ரீதேவி ஒருபோதும் ஒப்புக்கொண்டது இல்லை. கேட்டவர்களிடம் இல்லை என்றே சொன்னார். ஆபரேஷனுக்கும் அவர் சாவுக்கும் தொடர்பு உண்டு என்று துபாய் விசாரணையும் சொல்லவில்லை. ஆனாலும் ஆதாரம் இல்லாத பேச்சு, பிணம் எரியும் முன்பே நாடு முழுவதும் சுற்றிவிட்டது.

28-ந்தேதி மும்பையில் அரசு மரியாதையுடன் தகனம் நடந்தது. தெருவெல்லாம் கூட்டம். "என்ன அழகு, என்ன அழகு!" என்று அழுதார்கள். முந்தின வருடம் 'மாம்' படம் வந்தபோது அவர் உதட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததும் இதே ரசிகர் உலகம்தான்.

13 வயதில் சித்தி வேடம்

ஸ்ரீதேவி நம் சிவகாசிப் பக்கத்துப் பெண். 4 வயதுக் குழந்தையாகவே சினிமாவுக்கு வந்தவர்.

1976-ல் வெளிவந்த பாலசந்தரின் 'மூன்று முடிச்சு' படத்தில் ரஜினிகாந்துக்குச் சித்தியாக வந்தார். அப்போது ரஜினிக்கு 25 வயது. ஸ்ரீதேவிக்கு 13!

13 வயதுப் பெண்ணுக்குச் சேலை கட்டி, பெரிய மனுஷியாக்கிக் காட்டியதை அன்று யாரும் பெரிதாகப் பேசவில்லை. அதே பெண் 50-ஐத் தாண்டியபோது "வயசு தெரியுதே" என்று பேசினார்கள். சின்ன வயதில் பெரியவளாக இருக்கச் சொன்ன சினிமா, பெரிய வயதில் சின்னவளாக இருக்கச் சொன்னது.

ரஜினிக்கு என்ன ஆனது?

அவருக்கும் வயசானது. முடி கொட்டியது. தாடி நரைத்தது. மேக்கப் இல்லாமல், டோப்பா இல்லாமல் பொது மேடைக்கு வருகிறார். "தலைவர் என்ன எளிமை!" என்று ஜனங்கள் கைதட்டுகிறார்கள். கைதட்ட வேண்டியதுதான். அதில் தப்பே இல்லை.

2021 தீபாவளிக்கு 'அண்ணாத்த' வந்தது. அப்போது ரஜினிக்கு 70. ஜோடியாக வந்த நயன்தாராவுக்கு 36. தியேட்டரில் விசில் பறந்தது.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். 70 வயது நடிகைக்கு 36 வயது கதாநாயகன் ஜோடி! அப்படி ஒரு கதையை எந்தத் தயாரிப்பாளரிடமாவது சொல்ல முடியுமா?

எம்.ஜி.ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். 1967 ஜனவரியில் குண்டு பாய்ந்து அவர் குரல் மாறியது. மாறிய குரலோடுதான் நடித்தார். படங்கள் சக்கைப்போடு போட்டன. பிற்காலத்தில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெளியே வரமாட்டார். அதற்காக ஜனங்கள் அவரை வெறுக்கவில்லை. தொப்பிக்கும் சேர்த்தே ஓட்டுப் போட்டார்கள்.

ஆணின் முகத்தில் குறை வந்தால் மன்னிப்பு. பெண்ணின் முகத்தில் வந்தால் வழக்கு. இதுதான் ஊர்ச் சட்டம்.

ஒப்புக்கொண்டாலும் விடவில்லை

"மறைக்கிறதாலதானே பேசுறோம். உண்மையைச் சொல்லிட்டா யார் பேசப் போறா?" என்று கேட்பவர்கள் உண்டு.

சொன்னவர் ஒருவர் இருக்கிறார். கமல்ஹாசனின் மகள் சுருதிஹாசன். 2020 பிப்ரவரியில், அவருக்கு 34 வயது இருக்கும்போது, சமூக வலைத்தளத்தில் வெளிப்படையாக எழுதினார். பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொண்டது உண்மை, அதைச் சொல்ல வெட்கம் இல்லை, மற்றவர்களைச் செய்துகொள்ளச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை என்பது அவர் சொன்னதன் சாரம்.

அதை அவர் எழுதக் காரணமே ஊர்ப் பேச்சுதான். ஒரு நாள் "ரொம்ப குண்டு" என்றார்கள். இன்னொரு நாள் "ரொம்ப ஒல்லி" என்றார்கள். உண்மையைச் சொன்ன பிறகு பேச்சு நின்றதா? இல்லை. "பார்த்தியா, அப்பவே சொன்னேன்ல" என்று புதுப் பேச்சு கிளம்பியது.

சரி, எதுவும் மறைக்காமல் வயசான முகத்தோடு வந்தால்?

அமெரிக்க நடிகை கேரி பிஷர் 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் இளவரசியாக வந்தவர். 2015 டிசம்பரில் அதே வேடத்தில் மறுபடி வந்தார். அப்போது வயது 59. "இப்படி வயசாயிடுச்சே" என்று உலகம் முழுவதும் எழுதினார்கள். கூட நடித்த ஹாரிசன் போர்டுக்கு 73 வயது. அவரை விட்டுவிட்டார்கள். என் உடம்புக்கு ஆன வயதைப் பேசாதீர்கள், மனசு புண்படுகிறது என்று கேரி பிஷர் பதில் எழுதினார். அடுத்த வருடமே அவர் காலமாகிவிட்டார்.

ஆக, இல்லை என்று சொன்னவருக்கும் ஏச்சு. ஆமாம் என்று சொன்னவருக்கும் ஏச்சு. சும்மா இருந்தவருக்கும் ஏச்சு. தப்பிக்க வழியே இல்லை.

அது என்ன ஊசி?

'போட்டாக்ஸ்' என்ற பெயர் இப்போது எல்லோருக்கும் தெரியும். கெட்டுப்போன உணவில் உண்டாகும் ஒருவகைக் கிருமியின் விஷம்தான் அது. மிகமிகக் குறைந்த அளவில் முகத் தசையில் போடுவார்கள். நரம்பின் கட்டளை தசைக்குப் போகாது. தசை சுருங்காது. மேலே உள்ள தோல் வழவழவென்று நிற்கும். புருவ நடுவில் விழும் கோடுகளுக்கு இதைப் போட அமெரிக்க அரசு 2002-ல் அனுமதி கொடுத்தது.

3, 4 மாதத்தில் வேகம் குறைந்துவிடும். மறுபடி போட வேண்டும். ஒரு தடவை ஆரம்பித்தால் மாதத் தவணை மாதிரிதான்.

இதில் நடிகைக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. நடிப்பு என்பதே முகத் தசையின் வேலை. தசையைக் கட்டிப்போட்டால் அழுகையும் வராது, கோபமும் வராது. 1982-ல் 'மூன்றாம் பிறை'யில் ஸ்ரீதேவியை ஜனங்கள் ரசித்தது அந்த முகம் நொடிக்கு நொடி மாறியதால்தான். மாறாத முகம் வேண்டும் என்று கேட்டுவிட்டு, "முகத்துல பாவமே இல்லையே" என்று குறை சொன்னால் எப்படி?

இன்னொரு ஊசி 'பில்லர்'. ஒட்டிய கன்னத்தையும் மெல்லிய உதட்டையும் உப்ப வைப்பது. தெரியாதவர் கையில் மாட்டி, ரத்தக் குழாய்க்குள் மருந்து போய்விட்டால் தோல் அழுகும். கண் பார்வையே போகும் ஆபத்தும் உண்டு.

மூன்றாவது, கொழுப்பு உறிஞ்சும் ஆபரேஷன். தோலுக்கு அடியில் குழாய் விட்டுக் கொழுப்பை இழுப்பார்கள். இது உடல் இளைக்க வைக்கும் வைத்தியம் அல்ல. அளவு மீறினால் உடம்பின் நீர்ச்சத்துக் கணக்கே மாறிவிடும். கொழுப்புத் துளியோ ரத்தக் கட்டியோ நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கு ஆபத்து.

போன உயிர்கள்

தெலுங்கில் கொடிகட்டிப் பறந்தவர் ஆர்த்தி அகர்வால். 2005-ல் தமிழில் 'பம்பரக் கண்ணாலே' படத்தில் நடித்தார். 2015-ம் ஆண்டு ஜூன் 6-ந்தேதி அமெரிக்காவில் இறந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பு கொழுப்பு உறிஞ்சும் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். பிறகு மூச்சுத் திணறலால் அவதிப்பட்டு வந்ததாகச் செய்திகள் வந்தன. வயது 31.

கன்னட டெலிவிஷன் நடிகை சேத்தனா ராஜ். 2022-ம் ஆண்டு மே 16-ந்தேதி பெங்களூரில் ஒரு தனியார் கிளினிக்கில் கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் படுத்தார். பிழைக்கவில்லை. பெற்றோருக்குத் தெரியாமலே போயிருந்தார். ஆஸ்பத்திரி மீது அவர்கள் போலீசில் புகார் கொடுத்தார்கள். அவருக்குத்தான் 21 வயது.

21 வயதில் ஒரு பெண்ணுக்குத் தன் உடம்பில் ஏதோ அதிகம் என்று எப்படித் தோன்றியது? யார் சொன்னார்கள்?

பெண்கள் மட்டும் அல்ல. 2016-ல் சென்னையில் 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் தலையில் முடி நடும் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். அந்த இடத்துக்கு இருந்தது அழகு நிலைய உரிமம்தான் என்று விசாரணையில் தெரியவந்தது. டாக்டருக்குப் படித்தவருக்கே வழுக்கை என்ற பேச்சைத் தாங்க முடியவில்லை என்றால், மற்றவர்கள் எம்மாத்திரம்?

தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கான விதிகள் வந்தது 2018-ல். 21 வருடம்! முடி நடும் வேலையை யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டால் போதாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் எழுதி வைக்க வேண்டி வந்தது. நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

டிக்கெட் எதற்கு?

"காசு கொடுத்துப் படம் பாக்குறோம், பேசக்கூடாதா?" என்று சிலர் கேட்கலாம்.

பேசலாம். நடிப்பைப் பேசலாம். கதையைப் பேசலாம். டிக்கெட் காசு அதற்குத்தான். அவர் வீட்டுக் கண்ணாடி முன்னால் நிற்கிற உரிமையை யாரும் டிக்கெட்டோடு சேர்த்து விற்கவில்லை.

நடிகைகள் பக்கமும் தப்பு இல்லாமல் இல்லை. ஊசியால் வந்த பளபளப்பைக் கிரீமால் வந்ததாகக் காட்டி விளம்பரத்தில் சிரித்தால், அதை நம்பி மாதச் சம்பளத்தில் டப்பா டப்பாவாக வாங்குகிற பெண் ஏமாறுகிறாள். அந்த ஏமாற்றைத் தட்டிக் கேட்கலாம். முகத்தைக் கேலி செய்வதற்கு அது சாக்கு ஆகாது.

பிளாஸ்டிக் சர்ஜரியே பாவம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் தீக்காயம் பட்டு வருகிறவர்களுக்கும், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கை நசுங்கி வருகிறவர்களுக்கும் வாழ்வு கொடுப்பது அதே படிப்புதான். பிறவிக் குறைக்கும் விபத்துக் காயத்துக்கும் செய்தால் ஜி.எஸ்.டி. கிடையாது. அழகுக்கு மட்டும் செய்தால் 18 சதவீதம் கட்ட வேண்டும்.

போவதற்கு முன்...

சினிமாவில் தொடங்கிய ஆசை இப்போது தெருவுக்கு வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்கு, பேட்டிக்குப் போகும் முன் பையனுக்கு என்று கிளினிக் தேடுகிறார்கள். தேடுகிறவர்கள் இதையாவது கேளுங்கள்:

கத்தி பிடிக்கப் போகிறவர் பிளாஸ்டிக் சர்ஜரி படித்த டாக்டரா? மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன?

மயக்க மருந்து டாக்டர் கடைசி வரை கூடவே இருப்பாரா?

மூச்சு திணறினால் உடனே சேர்க்க அவசர சிகிச்சைப் பிரிவு அதே கட்டிடத்தில் இருக்கிறதா?

அந்த இடத்துக்கு இருப்பது மருத்துவமனைப் பதிவா, பியூட்டி பார்லர் உரிமமா?

பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டில் ஒருவருக்காவது சொல்லாமல் போகாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. டெலிவிஷனில் பழைய கதாநாயகி வரும்போது "என்னடி இவ இப்படி ஆயிட்டா!" என்று சொல்வதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள். அந்த நடிகைக்கு அது கேட்கப் போவதில்லை. பக்கத்தில் இருக்கும் மகளுக்குக் கேட்கும்.