கொடி தைக்க நூல் இருக்கிறது, பென்ஷன் எங்கே?

சிப்பாயின் சட்டையில் தேசியக் கொடி தைக்க வேண்டும் என்று கூவுகிற கனவான்கள் இருக்கிறார்கள். சட்டம் குறுக்கே நிற்கவில்லை. சீருடையில் கொடி கூடாது என்ற 2002 விதியை 2005-ல் திருத்தி, இடுப்புக்கு மேலே இருக்கலாம் என்றாகிவிட்டது. ஐ.நா. படையில் போகும் நம் சிப்பாய்கள் கொடி அணிகிறார்கள். பல நாட்டார் கூடுமிடத்தில் அடையாளம் வேண்டும்; அதில் தகராறில்லை.

சொந்த மண்ணில் எதற்கு? தேசபக்தி வளரவாம்! 1946 பிப்ரவரி 18-ல் பம்பாய் 'தல்வார்' தளத்தில் வேலைநிறுத்தம் செய்த மாலுமிகள் உடுத்தியிருந்தது வெள்ளைக்கார ராஜாவின் உடுப்பு. மட்டமான சோறும் நிறவெறி வசவும் பொறுக்காமல் எழுந்தார்கள். காங்கிரஸ் கொடி, லீக் கொடி, செங்கொடி மூன்றும் கப்பல்களில் ஏறின. அந்த உடுப்பு அவர்களைத் தடுத்ததா?

நம் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி., 1908-ல் கோரல் மில் தொழிலாளர் பக்கம் நின்று கூலியை உயர்த்த வைத்தார். தேசபக்தி என்றால் அது.

இன்று பட்டாளத்துக்குப் போகிறவன் யார்? கரிசல்காட்டுக் கூலிக்காரன் மகன். 2022-ல் வந்த அக்னிபத் திட்டப்படி அவனுக்கு நான்கு வருஷ வேலை. நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்றவனுக்குப் பென்ஷன் கிடையாது; சுமார் 11.71 லட்சம் ரூபாய் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். வட்டி நீங்கலாக அதில் பாதி அவன் சம்பளத்திலேயே பிடித்த பணம்! மில்லில் ஒப்பந்தக் கூலி என்கிறோமே, தோழர்களே, அதே சங்கதிதான்.

கனவான்கள் முதலில் அக்னிபத்தை ரத்து செய்யச் சொல்லட்டும். தையற்காரனைப் பிறகு கூப்பிடலாம்.