இது எந்த ஆட்டின் கம்பளி?

இங்கிலாந்தின் வடமேற்கு ஓரத்தில், ஏரி மாவட்டத்தை ஒட்டி, காக்கர்மவுத் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் பிறந்த ஊர். அங்கே ஆடுமாடுகளை ஏலம் விடும் பெரிய கொட்டகை ஒன்று உண்டு. ஜூன் மாதக் கடைசியில் இரண்டு நாள் அதைக் கழுவித் துடைத்துக் கம்பளிச் சந்தையாக்கிவிடுகிறார்கள். ஆடுகளை அடைக்கும் இரும்புக் கம்பித் தடுப்புகள்தான் கடைகள். அந்தக் கம்பிகளில் சாயமேற்றிய நூல் சிட்டங்கள் வரிசையாகத் தொங்கும். உல்ஃபெஸ்ட் என்று பெயர். 'உல் கிளிப்' என்ற கும்ப்ரியா வட்டாரக் கூட்டுறவு அமைப்பு 2005-ல் இதைத் தொடங்கியது.

எங்கள் பின்னல் குழு பிரெஸ்டன் நகரிலிருந்து பஸ் பேசி இந்தச் சந்தைக்குப் போய்வந்தது. வாரத்தில் ஒரு மாலை நூலகத்தில் கூடிப் பின்னுகிற குழு. செவிலியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு நான் அதில் சேர்ந்தேன். பிறந்து வளர்ந்தது தேன்கனிக்கோட்டைப் பக்கம். அன்றைக்குக் கண்டதை நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

சொல்ல வந்தது இதுதான். பெயர் தெரியாத கம்பளிக்கு விலை கிடையாது. எந்த இனத்து ஆடு, எந்த ஊர்ப் பட்டி, யார் வளர்த்தது என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்தால்தான் ஆடு வளர்ப்பவர் கைக்குக் காசு போகும். அது தெரிய வேண்டுமானால் ஆடும் மனிதரும் நூலும் ஒரே கூரைக்குக் கீழ் வந்து நிற்க வேண்டும்.

காலை ஏழு மணிக்குப் பஸ் கிளம்பியது. எம்6 நெடுஞ்சாலையில் வடக்கே போய், ஷாப் மேடு ஏறி, பென்ரித்தில் மேற்கே திரும்பி, கெஸ்விக் வழியாகப் பயணம். ஏறி உட்கார்ந்த கையோடு எல்லார் மடியிலும் பின்னல் வந்துவிட்டது. சிலர் காலுறை, ஒருவர் பேரப்பிள்ளைக்குக் குல்லா. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா எண்பதைத் தொடுகிறவர். சிறு வயதில் லங்காஷயர் பருத்தி ஆலையில் தறி ஓட்டியவர். தறிச்சத்தத்தில் பேச்சு காதில் விழாது என்பதால் அந்தக் காலத்து ஆலைப் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசிப் பழகினார்கள். சந்தையின் இரைச்சலிலும் நாலு கடை தள்ளி நிற்பவர் என்ன விலை சொல்கிறார் என்பதை இவர் எங்களுக்குச் சொல்லிவிடுவார்.

கூட்டமாகப் போவதன் பலன் அங்கேதான் தெரிந்தது. தனியாகப் போகிறவரின் கண் நிறத்தில் நின்றுவிடும். எங்களில் ஒருவர் நூலைக் கழுத்தோடு வைத்து உரசிப் பார்த்தார். கழுத்துத் தோலுக்குத்தான் அரிப்பு சீக்கிரம் தெரியும். இன்னொருவர் ஒரு இழையைப் பிரித்து எத்தனை புரி என்று எண்ணினார். பெரியம்மா சிட்டத்தை முறுக்கிப் பார்த்து, இது காலுறைக்குத் தாங்காது, சால்வைக்கு ஆகும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். புத்தகத்தில் படித்து வராத அறிவு இது. நூலகத்தில் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கற்றதைவிட அந்தக் கொட்டகையில் ஒரு முற்பகலில் கற்றது அதிகம்.

மென்மையான மெரினோ ஆட்டு நூல்கள்தான் கூட்டத்தை இழுத்தன. கையால் சாயமிட்ட நூறு கிராம் சிட்டம் இருபது பவுண்டை ஒட்டி விற்றது. அவை அழகுதான். ஆனால் நான் நெடுநேரம் நின்றது சாம்பல் நிற நூல் வைத்திருந்த ஒரு சிறு தடுப்பில். ஹெர்ட்விக் என்னும் ஆட்டின் கம்பளி அது. விற்ற அம்மாள் தன் பண்ணை ஆட்டுமயிரைத் தானே நூற்கக் கொடுத்து வாங்கி வந்திருந்தார்.

ஹெர்ட்விக் அந்த மலைகளின் சொந்த ஆடு. குட்டி பிறக்கும்போது கருப்பு. வளர வளரப் பழுப்பாகி, பிறகு சாம்பல் நிறம் கொள்ளும். முகமோ உறைபனி படிந்தாற்போல வெள்ளை. வேலியில்லாத மலையில் தாய் மேய்ந்த இடத்தையே குட்டியும் தன் இடமாகப் பழகிக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாக மந்தை அந்த எல்லையைத் தாண்டிப் போகாது. அதனால் ஒரு மந்தை அழிந்தால் வேறு ஊர் ஆட்டைக் கொண்டுவந்து விட்டுச் சமாளிக்க முடியாது. 2001-ல் கோமாரி நோய் பரவியபோது நாட்டிலேயே மிக மோசமாக அடிபட்டது கும்ப்ரியாதான். கொல்லப்பட்ட மந்தைகளில் ஹெர்ட்விக்கும் ஏராளம். அதற்கு வெகுகாலம் முன்பு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இந்த ஆடுகளுக்குக் காவலாக இருந்தவர் நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஓர் எழுத்தாளர். பீட்டர் ராபிட் கதைகளை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் 1943-ல் இறந்தபோது சுமார் 4,000 ஏக்கர் நிலத்தையும் 14 பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்தார். அங்கே ஹெர்ட்விக் மந்தைகள் தொடர வேண்டும் என்பது அவர் விருப்பம்.

இவ்வளவு பெருமை உள்ள ஆட்டின் மயிர் முரடு. நல்ல மெரினோ இழை 20 மைக்ரான் அளவில் இருக்கும். ஹெர்ட்விக் இழை 35-ஐத் தாண்டும். இடையிடையே விறைப்பான மயிர் வேறு. உள்ளாடைக்கு ஆகாது, குழந்தைக்கு ஆகாது. தரைவிரிப்புக்கும், வீட்டுச் சுவரில் குளிர் புகாமல் அடைப்பதற்கும் போகும். அதற்குக் கிடைக்கிற விலை ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற கூலிக்கே கட்டாது. கத்தரிக்காமலும் விட முடியாது. கோடையில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்து ஆடு செத்துப்போகும். ஆகவே விவசாயி கைக்காசு போட்டுக் கத்தரிக்கிறார். 2020-ல் கொரோனாவால் விலை ஒரேயடியாகச் சரிந்தபோது பிரிட்டன் விவசாயிகள் பலர் கம்பளியை எரித்தார்கள், உரக்குழியில் கொட்டினார்கள். குளிருக்கு நடுங்குகிற நாட்டில் கம்பளி எரிந்தது. செய்தியைப் படித்த அன்று எனக்கு மனம் ஆறவில்லை.

இத்தனைக்கும் அங்கே ஏற்பாடு இல்லாமல் இல்லை. 1950-ல் அமைந்த கம்பளி வாரியம் விவசாயிகளிடம் கம்பளியைத் திரட்டி, கையால் தொட்டுத் தரம் பிரித்து, பிராட்போர்டு நகரில் ஏலம் விடுகிறது. தொலைவில் மலையில் இருப்பவருக்கும் நியாயம் கிடைக்க வேண்டும் என்று ஏற்பட்டது அது. நல்ல நோக்கம், பல காலம் நன்றாகவும் நடந்தது. ஆனால் மூட்டைகள் ஏலத்தில் கலந்து, ஆலையில் கலந்து, கடைக்கு வரும்போது 'சுத்தக் கம்பளி' என்கிற ஒரே சீட்டுதான் மிச்சம். அறுபதுக்கும் மேற்பட்ட செம்மறி இனங்கள் உள்ள நாட்டில், கடையில் நிற்கிறவருக்கு ஒரு இனத்தின் பெயரும் தெரியாது. பெயர் போனதும், உலகத்தில் யார் மலிவாகத் தருகிறாரோ அவரோடு இந்த மலைக்காரர் மல்லுக்கட்ட வேண்டியதாகிறது.

அந்தச் சாம்பல் நூலை அம்மாள் சிட்டம் எட்டுப் பவுண்டுக்கு விற்றார். அதே கம்பளியை மூட்டையாகப் போட்டால் வருவது சில்லறை. நடுவில் நூற்பு ஆலைக்குப் போக வேண்டிய கூலி போனபிறகும் அவர் கையில் ஏதோ நிற்கிறது. சிட்டத்தில் கட்டிய சீட்டில் ஆட்டின் இனமும் பண்ணையின் பெயரும் கையால் எழுதியிருந்தன. பஸ்ஸில் வந்த நாங்கள் எல்லோரும் அவரிடம் வாங்கினோம். இது எதற்கு ஆகும் என்று கேட்டதற்கு அவர் மழுப்பவில்லை. தோலில் குத்தும், உள்ளே சட்டை போட்டு மேலே போடுங்கள், மழையில் நனையாது, இருபது வருஷம் உழைக்கும் என்றார்.

பெயர் விலையைத் தரும் என்பதற்கு ஸ்காட்லாந்திலிருந்து ஒரு சாட்சி சொல்லலாம். ஹாரிஸ் ட்வீட் துணிக்கு 1993-ல் தனிச் சட்டமே போட்டார்கள். மேற்குத் தீவுகளில் சாயமேற்றி நூற்ற கம்பளியை, அந்தத் தீவுக்காரர்கள் தங்கள் வீட்டில் கைத்தறியில் நெய்தால்தான் அந்தப் பெயர் வைக்க முடியும். முரட்டுத் துணிதான். உலகமெங்கும் மதிப்பாக விற்கிறது.

பிற்பகலில் ஏல வட்டத்துக்குள் அருகிவரும் இனங்களை நடத்திவந்தார்கள். நாலு கொம்புள்ள மாங்ஸ் லோக்டன், கருகருவென்ற ஹெப்ரிடியன். நார்த் ரொனால்ட்சே என்னும் தீவின் ஆடுகள் கடற்பாசி தின்று வாழ்பவை. பயிரை மேயாமல் அவற்றைக் கடற்கரையிலேயே நிறுத்த 1832-ல் தீவைச் சுற்றிச் சுவர் கட்டினார்களாம். செவியட், சவுத்டவுன் இன ஆடுகள் அந்த நாட்டில் சாதாரணம். ஆனால் அந்தப் பெயர்களைக் கேட்டால் எனக்கு ஊட்டி நினைவு வரும். கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மானியா மெரினோவையும் செவியட், சவுத்டவுன் ஆடுகளையும் சேர்த்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானதுதான் நம் நீலகிரி ஆடு. சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் அதை இன்றும் காத்துவருகிறது. மென்மையான கம்பளி தருகிற அப்படியோர் ஆடு தமிழ்நாட்டில் உண்டு என்பது ஊட்டியில் ஸ்வெட்டர் வாங்கித் திரும்புகிற எத்தனை பேருக்குத் தெரியும்?

திரும்பும் வழியில் ஓசூரில் இருக்கும் தங்கைக்குப் படம் அனுப்பினேன். விலையைக் கேட்டதும் அவள் சொன்னாள்: "ஏன்க்கா, ஒரு ஸ்வெட்டருக்கு ஆறு சிட்டம் வேணும்ங்கறே. பின்னறதுக்கு ஒரு மாசம் வேற. அந்தக் காசுக்கு இங்க நாலு ஸ்வெட்டர் ரெடிமேடா வாங்கிடலாமே."

அவள் கேட்டது நியாயம். மாதச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவள் அவள். எல்லோரும் எட்டுப் பவுண்டு நூல் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நாலு ஸ்வெட்டரும் அக்ரிலிக், பெட்ரோலியத்திலிருந்து வருவது. பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் கணக்கிட்டபடி, ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை மெஷினில் துவைத்தால் ஏழு லட்சத்துக்கும் மேலான நுண்ணிழைகள் தண்ணீரில் போகும். அந்த விலையை யாரோ கொடுக்கிறார்கள், நாம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றையும் அவளுக்கு நினைவுபடுத்தினேன்: நம் தாத்தாவின் கம்பளி.

எங்கள் பக்கம் கேழ்வரகுக் கொல்லையில் யானைக்குக் காவல் இருப்பார்கள். மார்கழிப் பனியில் தாத்தா கருப்புக் கம்பளியைக் கொங்காடையாக மடித்துத் தலையோடு போட்டுக்கொண்டு பரணில் ஏறிவிடுவார். அது ஆடு வளர்க்கும் குறும்பர்கள் தங்கள் குறும்பாட்டு மயிரைக் கத்தரித்து, நூற்று, குழித்தறியில் நெய்தது. உடம்பில் குத்தும். மழை இறங்காது. அந்தக் கம்பளி தாத்தாவுக்குப் பிறகும் வீட்டில் கிடந்தது. காக்கர்மவுத்தில் அந்த அம்மாள் தன் நூலைப் பற்றிச் சொன்ன அத்தனை வார்த்தையும் அதற்குப் பொருந்தும்.

தமிழ்நாட்டு ஆட்டினங்களில் மேச்சேரி, வேம்பூர், கீழக்கரிசல் போன்றவற்றுக்குக் கம்பளி கிடையாது. இறைச்சிக்கும் தோலுக்கும் உள்ளவை. கம்பளி தருபவை கோயம்புத்தூர்க் குறும்பை, திருச்சி கருங்குறும்பை, நீலகிரி என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. குறும்பைகளின் மயிர் முரடு என்பதால் ஆலைக்காரர் சீண்டுவதில்லை. கம்பளி நெய்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆலையில் வரும் மலிவுப் போர்வை வீட்டுக்கு வீடு வந்தபிறகு பிள்ளைகளை ஏன் அந்தத் தறியில் உட்காரவைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

முரட்டுக் கம்பளியை மென்மையாக்கித்தான் பிழைக்கவைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். வெளிநாட்டு ஆட்டோடு கலப்பு, ரசாயனம், மெஷின். நான் அதற்கு உடன்படவில்லை. முரட்டுக்கு முரட்டு வேலை இருக்கிறது. தரைவிரிப்பு, தோள்பை, யோகாவுக்கு விரிக்கிற பாய், மலையேறுகிறவர் மேலே போட்டுக்கொள்கிற போர்வை என்று எதற்கு ஆகும் என்பதை உள்ளபடி சொல்லி விற்றால் வாங்க ஆளிருக்கிறது. பெங்களூரு நம் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கைவினைப் பொருளுக்கு நல்ல விலை கொடுக்கிறவர்கள் அங்கே ஏராளம். அவர்களில் எத்தனை பேர் ஒரு குறும்பாட்டைக் கண்ணால் கண்டிருப்பார்கள்? நெய்கிறவர் யாரென்றே தெரியாதபோது அவரிடம் எப்படி வாங்குவார்கள்?

இதற்குப் பெரிய திட்டமோ கோடிக்கணக்கில் பணமோ தேவையில்லை. உல்ஃபெஸ்ட், ஒரு சிறு கூட்டுறவு அமைப்பு ஆட்டுச்சந்தைக் கொட்டகையில் நடத்துவதுதான். கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் மாவட்ட நிர்வாகம் மாங்கனிக் கண்காட்சி நடத்துகிறது. எந்த ஊர் மாம்பழம், என்ன ரகம் என்று சீட்டு எழுதி அடுக்கிவைக்கிறார்கள். மக்கள் பஸ் ஏறி வந்து பார்க்கிறார்கள். பழத்துக்குச் செய்வதை ஆட்டுக்கும் செய்யலாம். கால்நடைத் துறை குறும்பாடுகளைக் கொண்டுவந்து நிறுத்தட்டும். சாண்டிநல்லாவிலிருந்து நீலகிரி ஆட்டின் கம்பளி வரட்டும். நூற்கவும் நெய்யவும் தெரிந்த முதியவர்கள் தறியோடு வந்து உட்காரட்டும். அன்றைய கூலியை அரசு கொடுக்கட்டும். ஒவ்வொரு கம்பளியிலும் ஆட்டின் இனம், வளர்த்தவர் ஊர், நெய்தவர் பெயர் மூன்றும் எழுதிய சீட்டு இருக்க வேண்டும்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தனியாக வராதீர்கள். தையல் கற்றவர், ஆடு வளர்த்த பாட்டி, கல்லூரியில் துணித் தொழில்நுட்பம் படிக்கும் பெண் என்று நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வேன் பேசி வாருங்கள். மாவட்ட நிர்வாகம் அடுத்த மாங்கனிக் கண்காட்சியில் குறும்பர்களுக்கு ஒரு கொட்டகை ஒதுக்க வேண்டும்.