துப்பறியும் கதையும் விடுதிக் கதையும்

பாடநூலன்றிப் பிறிதொரு நூலைக் கையிலெடுக்கும் மாணவன் கெட்டுப்போவான் என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அந்நூல் துப்பறியும் கதையாயின் கேட்கவே வேண்டுவதில்லை. யாமும் அவ்வெண்ணத்தினராகவே இத்தொழிலிற் பல ஆண்டுகளைக் கழித்தோம். அதனை மாற்றிக்கொண்ட காரணத்தை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இறப்பர்த் தோட்டத்து லயத்திலிருந்து வந்து விடுதியிற் றங்கிப் பயின்ற ஏழாந்தர மாணவனொருவன், இரவுப் படிப்பு வேளையிலே இலக்கண நூலினுள் ஒரு மர்மக் கதையை ஒளித்து வைத்து வாசித்தான். அதனைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். தவணை முடிந்து ஊர் செல்லும் நாளில் அவன் எம்மிடம் வந்து, புத்தகத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. "அந்தப் பெட்டியை எடுத்தது யாரென்று மட்டும் சொல்லுங்க சேர்" என்றான். எமக்கு விடை தெரியவில்லை. வாசியாத நூலைத் தீய நூலென்று தீர்ப்பளித்திருந்தோம்! அன்றிரவே அதனை வாசித்து முடித்தோம். தீமை யாதொன்றுங் கண்டிலோம்.

ஒற்றும் துப்பும் தமிழர்க்குப் புதியனவல்ல. திருவள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியைப் பிறிதோர் ஒற்றனாலும் ஆராய்ந்தே கொள்ளவேண்டும் என்பது அங்குக் கூறப்படும் நெறிகளுள் ஒன்று. கைத்தொலைபேசியில் வந்ததையெல்லாம் மெய்யென்று நம்பி மறுகணமே பிறர்க்கு அனுப்பும் இக்காலத்தில், இதனினும் வேண்டப்படும் பாடம் யாதுளது? உறையூர்க்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றனென ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புக்கபோது, கோவூர்கிழார் பாடி உய்வித்த செய்தியைப் புறநானூறு கூறும். ஆராயாத ஐயம் ஓருயிரையே கொள்ளும் என்பதை மாணவர் உள்ளத்திற் பதிப்பதற்கு அந்நிகழ்ச்சியிற் சிறந்தது அரிது.

கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் ஆழ்வார்க்கடியான் முதன்மந்திரியின் ஒற்றனாக நாடெங்குந் திரிகின்றான். கதை நம் இலங்கைக்கும் வருகின்றது. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் பருகிச் சிந்திப்பவர். தேயிலை நாட்டினராகிய நாம் அவரை வெறுத்தல் தகுமா? பிறநாட்டு நூல்களுள் ஜெர்மானியராகிய எறிக் கேஸ்ட்னர் 1929இல் எழுதிய எமிலின் கதையை முதலிற் பரிந்துரைப்போம். தாய் உழைத்துத் தேடிய பணத்தைப் புகைவண்டியிற் பறிகொடுத்த சிறுவன், பேர்லின் நகரத்துச் சிறுவரின் துணைகொண்டு கள்வனைப் பின்தொடர்ந்து பிடிக்கின்றான். அங்கே வெல்வது துப்பாக்கியன்று, அறிவும் கூட்டுறவுமே. குருதி சொட்டும் அட்டைப்படத்தோடு, கைவலியே வழக்குத் தீர்க்கும் நூல்களை யாம் வேண்டேம்.

இனி விடுதிக் கதைகள். ஆங்கிலத்தில் 1857இல் வெளிவந்த 'டொம் பிறவுணின் பள்ளி நாட்கள்' இவ்வகைக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. எனிட் பிளைட்டன் 1946 முதல் 1951 வரை எழுதிய மலரி டவர்ஸ் வரிசை பெண்பிள்ளைகட்கு உவப்பானது. அவ்விடுதிகள் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுடையன. அவர்தம் நள்ளிரவு விருந்து நம் பிள்ளைகள் அறியாதது என்பார் உளர். உண்மையே. ஆயின் முதலிரவிற் போர்வைக்குள் அழும் அழுகை எந்நாட்டிலும் ஒன்றே. கேஸ்ட்னரின் 'பறக்கும் வகுப்பறை' 1933இல் வெளிவந்தது. அதிலே விடுமுறைக்கு வீடு செல்ல வண்டிச் சத்தமில்லாத ஏழை மாணவன் ஒருவன், அதனை எவர்க்குஞ் சொல்லாது மறைத்துத் திரிகின்றான். அவன் ஆசிரியர் அதனை உணர்ந்து பணங்கொடுத்து அனுப்பி வைக்கின்றார். லுணுகலையிலும் மடூல்சீமையிலும் உள்ள தோட்டங்களிலிருந்து வந்து பயிலும் பிள்ளைக்கு இது அயல்நாட்டுக் கதையாகுமோ?

ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கென வினாவிடைப் புத்தகங்களை மனப்பாடஞ் செய்து, அப்பரீட்சையோடு வாசிப்பையே கைவிடும் பிள்ளைகள் பலர். அடுத்த பக்கத்தில் என்ன நிகழுமோ என்னும் ஆவலே அவர்களை மீண்டும் நூலிடம் அழைத்துவரும். அவ்வாவல் கைவந்தபின் கம்பனையும் பாரதியையுங் காட்டுதல் எளிது. அஃதில்லார்க்கு யாம் எதனைக் காட்டியும் பயனில்லை.

ஆதலின் ஆசிரியர்க்கு ஒன்று சொல்வோம்: வாசித்துப் பார்த்தபின் தடைசெய்க, தடைசெய்யத் தகாதவற்றை அலுமாரியிலிருந்து வெளியே எடுக்க. பழைய மாணவர்களே, ஆளுக்கொரு நல்ல நூலைக் கல்லூரி நூல்நிலையத்துக்கு அளியுங்கள். ஆங்கிலம் வல்லார் ஒரு கதையையேனும் தமிழிற் சொல்லித் தருக. அதனினும் மேலாக, விடுதியில் நீங்கள் அழுததையும் சிரித்ததையும், தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய அந்நாளையும் எழுதுங்கள். மலையகப் பிள்ளையின் விடுதிக் கதை இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. உங்களையன்றி அதனை அறிந்தார் யார்?

அம்மாணவன் அடுத்த தவணைக்கு வந்தபோது, கள்வன் இன்னானென்று யாம் கூறவில்லை. புத்தகத்தையே கொடுத்தோம்.