கூழைக்கடா வந்தால் யாருக்கு லாபம்?

நுரை கக்கும் கண்மாய்; விதியில் ஓட்டை!

மதுரை –
அவனியாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது சாமநத்தம் கண்மாய். தண்ணீர் நிற்கும் காலத்தில் அங்கே கூழைக்கடா வந்து இறங்கும். அலகுக்குக் கீழே பை தொங்குமே, அந்தப் பறவைதான்.

உலகம் பூராவும் சேர்த்தாலும் இது 20 ஆயிரத்துக்குள்தான் இருக்கும் என்பது நிபுணர்கள் கணக்கு. இதன் விஞ்ஞானப் பெயரிலேயே பிலிப்பைன்ஸ் நாடு இருக்கிறது. ஆனால் அந்த நாட்டில் இந்தப் பறவை அடியோடு அற்றுப் போய்விட்டது! மிச்சம் உள்ளவை பெரும்பாலும் இந்தியா, இலங்கை, கம்போடியாவில்தான்.

சோப்பு நுரை

இங்கே நிலவரம் என்ன? அவனியாபுரத்தை ஒட்டிய அயன்பாப்பாக்குடி கண்மாயில், 2020-க்குப் பிறகு வந்த மழைக்காலங்களில் வெள்ளை வெளேர் என்று நுரை பொங்கி ரோட்டுக்கே வந்தது. இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. வீட்டுச் சாக்கடையோடு வரும் சோப்புத் தண்ணீர் கண்மாயில் சேருகிறது. மறுகால் பாயும்போது அது விழுந்து அடிபட்டு நுரைக்கிறது.

சாக்கடை சேர்ந்தால் ஆகாயத்தாமரை மண்டும். தண்ணீரில் பிராணவாயு குறையும். மீன் சாகும். மீன் இல்லாத கண்மாயில் கூழைக்கடாவுக்கு என்ன வேலை? அது பறந்துவிடும். நாம் எங்கே போவது? அதே தண்ணீர்தானே நம்ம வீட்டு போரிலும் ஊறுகிறது!

விதி சொல்வது என்ன?

ஈரநிலங்களைக் காக்க மத்திய அரசு 2017-ல் விதிகள் போட்டது. ஆனால் பாசனத்துக்கென்று மனிதன் வெட்டிய நீர்நிலைகளுக்கு அவை பொருந்தாது. நம் கண்மாய்கள் எதற்கு வெட்டியவை? பாசனத்துக்குத்தானே! ஆக, ஓட்டை அங்கேயே இருக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் பாசனக் கண்மாய்கள்தான். 1989-ல் பறவைகள் சரணாலயம் ஆயின. 2022-ல் 'ராம்சர்' என்ற சர்வதேசப் பட்டியலிலும் ஏறின. சாமநத்தத்துக்கும் அந்த அந்தஸ்து வேண்டும் என்று மதுரையில் பறவை ஆர்வலர்கள் கேட்டு வருகிறார்கள்.

விவசாயிக்கு நஷ்டமா?

"சரணாலயம்னு சொன்னா வெள்ளாமை போச்சே!" என்று பயப்படுகிறவர்களும் உண்டு. வேடந்தாங்கல் கதை வேறு. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அந்த ருசி கண்ட ஊர்க்காரர்கள், பறவைகளுக்குப் பாதுகாப்புக் கேட்டு 1798-லேயே வெள்ளைக்காரக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்கள். நமக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில், பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை.

ஆனால் போர்டு நட்டால் மட்டும் தண்ணீர் சுத்தமாகிவிடாது. அவனியாபுரத்திலேயே மாநகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. சாக்கடை முழுக்க அங்கே போக வேண்டும். கண்மாய்க்கு ஒரு சொட்டு வரக் கூடாது.

முதலில் சாக்கடை வாயை அடையுங்கள். சரணாலயப் போர்டை அப்புறம் நடலாம்!