ஹோஸைக் கொஞ்சம் கீழ வையுங்கோ

யாழ்ப்பாணத்து வீடுகளில் பின்னேரமானால் மோட்டரைப் போட்டு, ஹோஸைப் பிடிச்சு, செவ்வரத்தை, குறோட்டன், கறிவேப்பிலை எண்டு எல்லாத்துக்கும் ஒரே அளவு தண்ணி அடிக்கிறம். இலை நனைஞ்சு மண் கறுத்தால் வேலை முடிஞ்சுது. பூக்கண்டுகளில் எங்களுக்குள்ள அன்பு எண்டு இதைத்தான் நினைக்கிறம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

முதலில் மண்ணைப் பார்க்கவேணும். வடமராட்சி கிழக்கு மணலில் ஊத்துற தண்ணி வேரைத் தாண்டிக் கீழ ஓடிவிடும். அங்கே கொஞ்சங்கொஞ்சமாக, அடிக்கடி ஊத்துறதுதான் சரி. மாட்டெருவும் இலைகுழையும் சேர்த்தால் ஈரம் தங்கும். வலிகாமத்துச் செம்மண் மணலைவிடக் கூடநேரம் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். நிலத்தில் வேரூன்றின செடிக்கு ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருக்கா ஆழமாக ஊத்தினால் போதும். தினமும் மேலால தெளிச்சால் வேரும் மேலேயே நிண்டுவிடும். பிறகு ஒரு நாள் கரண்ட் நிண்டாலே செடி வாடும்.

அடுத்தது தண்ணி. தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணியை இலையில் அடிச்சால் நுனி கருகும், அடியில்தான் விடவேணும். அதையும் நுணுக்கி நுணுக்கி விட்டால் தண்ணி ஆவியாகி, உப்பு மட்டும் மண்ணில் மிஞ்சும். இடைக்கிடை நிறைய விட்டு, உப்பை வேருக்குக் கீழ கழுவவேணும். மிச்சத்தை மாரிமழை பார்த்துக்கொள்ளும்.

"எங்கட கிணறு, எங்கட தண்ணி. தோட்டக்காரர் இறைக்கிறதோட பார்த்தால் இது எந்த மூலைக்கு?" எண்டு கேப்பியள். அளவில் அது உண்மைதான். ஆனால் கிணறு மட்டும்தான் தனித்தனி. வருசம் முழுக்க ஓடுற ஆறு குடாநாட்டில் இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைநீர் தேங்கி, கடல்நீருக்கு மேல மிதக்குது. கைபன்-ஹெர்ஸ்பேர்க் கணக்குப்படி நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் அடியிலுள்ள உவர் ஏறத்தாழ 40 அடி மேல வரும். நாங்கள் தேவையில்லாமல் இறைக்கிறது பக்கத்து வீட்டுக் குடிதண்ணியிலயும்தான் கைவைக்குது.

துலா மிதிச்சு இறைச்ச காலத்தில் ஒவ்வொரு பட்டைத் தண்ணிக்கும் உடம்பு கணக்கு வைச்சது. கிணத்தடியில் குளிச்ச தண்ணி வாழைக்குப் போனது. மோட்டர் வந்து வேலையை லேசாக்கினது நல்லதுதான். கணக்கையும் சேர்த்து அழிச்சதுதான் பிழை.

துலாவுக்குத் திரும்பச் சொல்லேல்ல. சுவிச்சைப் போட முதல் விரலை ரெண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கோ. ஈரம் இருந்தால் இண்டைக்கு விடுங்கோ.