கேள்வி யார் கையில்?

'ஆசிரியர் சொல்லக் கூடாது, கேட்க வேண்டும். இது சாக்ரடீஸ் வழி' என்றுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். பதினைந்து, பதினாறு வயசுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வரலாறும் இலக்கியமும் நடத்துகிறேன்.

அன்றைக்குக் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட சேரியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். எனக்குத் தரப்பட்டிருந்த கேள்வி: 'இரு தரப்பு நியாயங்களையும் விவாதிக்க.' கேட்டுத் தொலைத்தேன். வீட்டுச் சுவர் தெரிந்துவிடும் என்று காமிராவை அணைத்தே வைத்திருக்கும் ஒரு சேரிப் பிள்ளையின் குரல் வந்தது: "எரிச்சவனுக்கும் ஒரு பக்கம் இருக்கா சார்?"

வாயடைத்துப் போனேன். அந்தப் பக்கத்தைத்தான் உயர்நீதிமன்றமே கவனித்துக்கொண்டதே! நிலச்சுவான்தார்கள் விடுதலையானார்கள்.

பிளேட்டோவின் 'மெனோ'வில் சாக்ரடீஸ் ஓர் அடிமைப் பையனிடம் கேள்வி கேட்டுக் கேட்டே கணக்கை வரவழைக்கிறார். உலகமே மெச்சும் பாடம். பையனுக்குப் பேர்கூடக் கிடையாது. சதுரத்தைப் பற்றிக் கேட்டவர், 'நீ ஏன் அடிமையாக இருக்கிறாய்?' என்று கேட்கவில்லை. பாடம் முடிந்தது, பையன் அடிமையாகவே இருந்தான்.

கேள்வியை நான் வெறுக்கவில்லை. ஆனால் எது விவாதத்துக்குரியது என்று தீர்மானிப்பது யார்? எங்கள் சாவை விவாதப் பொருளாக்கிவிட்டு அதற்கு ஜனநாயகம் என்று பேர் வைக்காதீர்கள்.

இப்போதெல்லாம் முதல் கேள்வி பிள்ளைகளுடையது. போன வாரம் ஒருத்தன் கேட்டான்: "சார், அந்த நிலமெல்லாம் மொதல்ல யாருது?"

வாருங்கள், இதை விவாதிப்போம்.